பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது

ஜூன் 6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. ஆசிரியர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எழுதிவருகிறேன். டைபாய்டு காய்ச்சலில்கூட ஒரு வரியாவது எழுதியிருக்கிறேன். நேற்றைய பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். நடந்ததை இங்கே பதிகிறேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்திலேயே கல்யாணம், என் சித்தப்பா பேரனுக்கு. காலை 9.10. இரண்டாவது பந்தி. என் மனைவி சம்பூரணம் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேசரியில் முந்திரி குறைவு என்று பக்கத்து இலைக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே இலைமேல் சாய்ந்தாள். நாடி இல்லை. மூச்சு இல்லை.

எங்கள் பள்ளியின் இளம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பதினாறு வருடமாக நான்தான் பொறுப்பாசிரியர். தலையணையை வைத்து மாணவர்களுக்குச் செய்து காட்டிய முதலுதவியை முதல் தடவையாக மனித உடம்பில் செய்தேன். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகள், முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. மறுபடி முப்பது. 108 வண்டி பதினோரு நிமிடத்தில் வந்தது. அதில் வந்தவர் மின்அதிர்ச்சி கொடுத்தார். இரண்டாவது அதிர்ச்சியில் இதயம் திரும்பியது.

இப்போது ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவு. இன்னும் கண் விழிக்கவில்லை.

என் வேட்டியில் சாம்பார் கொட்டியிருக்கிறது. மாற்று வேட்டி கொண்டுவர யாரிடமாவது சொல்ல வேண்டும்.

ஜூன் 7, சனி

மாலை 4.25. விழித்தாள். என்னைப் பார்த்து முதலில் சொன்னது: "ஏனுங்க, வேட்டியெல்லாம் என்ன இது?"

ஜூன் 9, திங்கள்

டாக்டர் நஸ்ரீன் இதய மருத்துவர். வயது நாற்பதுக்குள் இருக்கும். எதையும் மழுப்பாமல் பேசுகிறார். இதயக் குழாயில் அடைப்பு இல்லை, இதயத்தின் மின்னோட்டத்தில்தான் கோளாறு என்றார். மூளைக்குப் பாதிப்பில்லை. விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. "அது நோய் இல்ல சார், நீங்க பண்ணது" என்று சொல்லிவிட்டு, "நல்லாப் பண்ணிருக்கீங்க" என்றார்.

ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்து அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அழலியாப்பா?" என்றாள். அழுவதால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை என்று விளக்கினேன்.

ஜூன் 11, புதன்

சாதாரண அறைக்கு மாற்றிவிட்டார்கள். இளநீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "அங்க நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

"எங்க?"

"செத்தப்போ."

நான் விலங்கியல் ஆசிரியர். சாகப்போய்த் திரும்பியவர்கள் சொல்லும் கதைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஆகவே பதறாமல் கேட்டேன். "என்ன தெரிஞ்சுது? குகையாட்டம் இருட்டு, அந்தக் கோடில வெளிச்சம், அப்படியா?"

"வெளிச்சம் இருந்துச்சு. கண்ணு கூசறதில்ல, காத்தால ஆறு மணிக்கு இருக்குமே, அந்த வெளிச்சம். ஆருமே இல்லீங்க. சாமியும் வரல, எங்கய்யனும் வரல. ஆனா எல்லா வேலையும் முடிஞ்சிருந்துச்சு."

"என்ன வேலை?"

"எல்லாந்தான். பாத்திரம் பூராக் கழுவிக் கவுத்தாச்சு. துணி மடிச்சாச்சு. பள்ளிக்கோடத்துல நூத்தி நாப்பது புள்ளைகளும் சாப்பிட்டுப் போயாச்சு." (அவள் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர்.) "நாளைக்கு என்ன ஆக்கறதுன்னு ஆரும் கேக்கல. சும்மா உக்காந்திருந்தேன். கையி ரெண்டும் மடில கெடந்துச்சு. அம்பத்திரண்டு வருசத்துல என்ற கையி அப்படிச் சும்மாக் கெடந்து நான் பாத்ததே இல்லீங்க."

சொல்லும்போது அவள் முகம், இருபது வயது குறைந்ததுபோல இருந்தது.

ஆக்சிஜன் குறையும்போது மூளையில் நடப்பதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பார்வைப் பகுதி, பொட்டு மடல், இதயம் நின்ற பின்னும் எலிகளின் மூளையில் சிறிது நேரம் மின்னோட்டம் பொங்கியதாகக் காட்டிய ஆய்வு, எல்லாம்.

"அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு மிச்ச இளநீரைக் குடித்தாள்.

மாலையில் குளிக்க வீட்டுக்கு வந்தேன். தொட்டியில் பாத்திரம் சேர்ந்திருந்தது. கழுவினேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. தேன்மொழியும் நானும் சாப்பிட்டதற்கு இவ்வளவா?

ஜூன் 14, சனி

டாக்டர் நஸ்ரீன் ஒரு சிறிய கருவியைக் காட்டினார். தீப்பெட்டி அளவு. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பார்களாம். இதயம் மறுபடி தாறுமாறாகத் துடித்தால் உள்ளேயிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்துவிடும். கட்டாயம் வைக்க வேண்டும் என்றார்.

"வேண்டாங்க டாக்டரம்மா" என்றாள் சம்பூரணம்.

"ஏம்மா? மறுபடி நின்னுடுச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டுமுங்க. போற எடம்தான் எனக்குத் தெரியுமே."

பிடிவாதமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பதினான்கு கார்கள். அதில் வெள்ளை ஒன்பது.

ஜூன் 16, திங்கள்

வீட்டுக்கு வந்தோம். மாத்திரை மட்டும் போதாது, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் அனுப்பினார். தேன்மொழி ஓசூருக்குக் கிளம்பினாள். ரசம் வைத்தேன். புளி அதிகம்.

ஜூன் 18, புதன்

அணுகுமுறையை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அவள் கருவியை மறுப்பது ஓர் இடம் இருக்கிறது என்று நம்புவதால். அப்படி ஓர் இடம் இல்லை, அது மூளை கட்டிய கதை என்று நிரூபித்துவிட்டால் மறுப்பதற்குக் காரணம் இல்லை. எளிய தர்க்கம்தான்.

சாப்பிட்டதும் கரும்பலகை இல்லாத குறையாக முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு:

"எல்லாமே மூளை கட்டுன கதைன்னா, நீங்க பதினெட்டை உட்டது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எந்தப் பதினெட்டு?"

"என்ற நெஞ்ச அமுக்கும்போது எண்ணிட்டே இருந்தீங்கல்ல? ஒருக்கா பதினேழு சொன்னீங்க, அப்பறம் நேரா பத்தொம்பதுக்குப் போயிட்டீங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தூரத்துல, பக்கத்து வீட்டு ரேடியோவாட்டம்."

இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்துகிறவன் பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது சொல்வேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றேன்.

"அப்பறம் இன்னொண்ணும் கேட்டுச்சு" என்றாள்.

"என்ன?"

"அத நான் சொல்ல மாட்டேன்" என்று சிரிக்க ஆரம்பித்தாள். விலா வலித்தது. கையால் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தாள்.

அவளுக்கு எதுவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. நாடி இல்லாத உடம்பு.

ஜூன் 20, வெள்ளி

அக்கம்பக்கத்துப் பெண்கள் இன்றும் வந்தார்கள். மேலோகம் போய்வந்தவள் என்று தெருவில் பேர் பரவிவிட்டது. எதிர்வீட்டு மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தி, "ஏனக்கா, அங்க எங்க மாமியாளப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. அதனாலதான் அங்க அவ்வளவு நல்லா இருந்துச்சோ என்னவோ" என்றாள் சம்பூரணம்.

சிரிப்பில் வீடு அதிர்ந்தது. எட்டுப் பேருக்கும் நான்தான் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்தது பிறகுதான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் கிருபாகரன். கடைவீதியில் ஸ்டூடியோ. பந்தியையும் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது நினைவுக்கு வந்ததால் போனேன். சான்று இருக்கும்போது வாதம் எதற்கு? நான் பதினெட்டு சொல்லியிருந்தால் அவள் கேட்டது கற்பனை. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது.

கேமராவை அப்படியே மேசையில் வைத்துவிட்டு அவளைத் தூக்க ஓடிவந்திருக்கிறார். அது தானாக ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது. பாதி இலையும் பாதி என் முதுகும் தெரிகின்றன.

ஒலி தெளிவாக இல்லை. எதையும் முடிவாகச் சொல்ல முடியாது.

கிருபாகரன் "உக்காருங்க சார், உக்காருங்க சார்" என்று மூன்று முறை சொன்னார். வேண்டாம் என்றும் டீ வாங்கிவந்தார். அவருடைய கைக்குட்டை என்னிடம் வந்துவிட்டது. துவைத்துக் கொடுக்க வேண்டும். அவர் வீடியோவைப் பதிந்து கொடுத்த பென் டிரைவை பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

இட்லி மாவு புளிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

"வீடியோ பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஸ்டூடியோவுக்குப் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? மயிலாத்தாள்தான்.

"ஒலி தெளிவா இல்ல."

"உங்க காது செவந்திருக்குதுங்க."

"வெயில்ல வந்தேன்."

"மழையில்ல பேயுது" என்றாள்.

உண்மைதான். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் வாசற்படியில் நாற்காலியைப் போட்டு அதைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் மழையை மட்டும் பார்த்தாள். சாரல் மேலே தெறித்தபோதெல்லாம் சிறுபிள்ளைபோலக் காலை மடக்கிக்கொண்டாள். கல்யாணமான நாளாய் அவள் மழையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவாள். இன்று துணியை நான் எடுத்தேன்.

அந்த நாற்காலியில் அவ்வளவு லேசாக உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய்விடுகிறவள் மாதிரி.

ஜூன் 28, சனி

பள்ளி வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டு ஈரோடு போனேன். டாக்டர் நஸ்ரீனிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாடி இல்லாதப்போ காது கேட்குமா?" என்று கேட்டேன்.

"நீங்க நல்ல ஆழமா, சரியான வேகத்துல அமுக்கியிருக்கீங்க சார். ஒவ்வொரு அமுக்குக்கும் கொஞ்சம் ரத்தம் மூளைக்குப் போகும். அந்தக் கொஞ்சத்துல சிலருக்கு நினைவு லேசா வந்து போகும். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அவங்களுக்குக் கேட்டுச்சுன்னா, கேட்க வெச்சது உங்க கைதான்னு நான் நினைக்கறேன்."

"அப்ப அந்த வெளிச்சம்? எல்லாம் முடிஞ்சு உட்கார்ந்திருந்தது?"

"மூளை உண்டாக்கினதா இருக்கலாம். மூளை எதையோ பாத்ததாவும் இருக்கலாம். எங்க மெஷின்ல கோடுதான் சார் ஓடும். அந்த நேரம் அவங்களுக்கு உள்ள எப்படி இருந்துச்சுன்னு அந்தக் கோட்டைப் பாத்து என்னால சொல்ல முடியாது." பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தார். "இதை எதுக்கு எங்கிட்டக் கொண்டுவந்தீங்க? காட்ட வேண்டியவங்க வீட்ல இருக்காங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஜூன் 22 அன்று நான் எழுதியது பொய். நாட்குறிப்பில் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. திருத்தம் இங்கே.

ஒலி மிகத் தெளிவாக இருக்கிறது.

காலையில் அவளைக் கூடத்தில் உட்காரவைத்து தொலைக்காட்சியில் போட்டேன். தரையில் அவள் கால்கள் தெரிகின்றன. ஒரு கொலுசு கழன்று கிடக்கிறது. என் முதுகு மேலும் கீழும் போகிறது. என் குரல்: "பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பத்தொம்பது, இருபது, பண்ணாரியாத்தா, எடுத்துக்காத, அவள எடுத்துக்காத, மொட்டை போடறேன் ஆத்தா, மொட்டை போடறேன், இருபத்தி மூணு, இருபத்தி நாலு…"

என் அப்பா பகுத்தறிவு இயக்கத்துக்காரர். எனக்குச் செங்குட்டுவன் என்று பெயர் வைத்து, காது குத்தாமல், முதல் மொட்டையும் போடாமல் வளர்த்தார். நானும் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றிருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. அந்த ஐம்பத்தாறு வயது மனிதன் அப்படிக் கத்துகிறான். குரல் உடைந்துபோய், சின்னக் குழந்தை வீறிடுவதுபோல. ஆனால் கை மட்டும் நிற்கவில்லை.

படம் முடிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே கேட்டுச்சுங்க" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்க வாயால வருதான்னு பாத்தேன்."

பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தேன். நான்கு குறிப்புகள். தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"அது மூளைதானா, நெசமாவே ஒரு எடமா, எனக்குத் தெரியாது அம்மிணி" என்றேன். "எடமா இருந்தா அது எங்கயும் ஓடிப்போகாது. நீ இப்பப் போக வேண்டாம். எனக்குப் பயமா இருக்குது. நீ மூச்சு உடறியான்னு நாளைக்கு நாப்பது தடவ பாக்கறேன். பாத்திரம், துணி, எல்லாம் நானே செய்யறேன். இங்கயே சும்மா உக்காந்துக்க."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "இந்தக் கையா ரெண்டு எலும்ப ஒடச்சுது?" என்றாள். பிறகு, "இத மொத நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே அந்தப் பெட்டிய வெச்சிருப்பேனுங்க. எலி மூளை, எலி மூளைன்னு பத்துப் பதினஞ்சு நாளு! டாக்டரம்மா கேட்டப்போ நீங்க சன்னல்ல பாத்துட்டு நின்னீங்க. நான் போனா உங்களுக்கு ஒண்ணுமில்லையாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

"கார் எண்ணிட்டிருந்தேன்."

"அதையாச்சும் ஒழுங்கா எண்ணுனீங்களா?"

நான் அழுதேன். நோயாளிக்குப் பயன் இருந்ததாகத் தெரிகிறது. அவள் சிரித்தாள்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள். "நீங்க கழுவுன பாத்திரத்த நான் தெனமும் மறுக்காக் கழுவிட்டிருக்கறேன். அடிப்பக்கம் கழுவணும்னு உங்களுக்கு ஆரும் சொல்லித் தரலையா?"

ஜூலை 3, வியாழன்

கருவி வைத்தாயிற்று. ஒன்றேகால் மணி நேரம். நலம். கேசரி கேட்டாள். முந்திரி அதிகமாகப் போட்டு வாங்கிவந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஆகவே தலை பின்னுவது என் பொறுப்பு. மூன்று பிரி. வலதை நடுவுக்கு, இடதை நடுவுக்கு. கேட்க எளிது. முதல் பின்னல் எதிர்வீட்டைப் பார்த்தது. இரண்டாவது, கட்டிமுடிக்கும் முன்பே அவிழ்ந்துபோனது.

தேன்மொழி வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "அப்பா, அது பின்னலா, தேங்காய்க் கயிறா?" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

பின்னல் இன்று நேராக வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்படியே மயிலாத்தாள் வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

மொட்டை விவகாரம். நான் தெளிவாக எடுத்துரைத்தேன். ஒன்று, இல்லாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கு செல்லாது. இரண்டு, பதற்றத்தில் சொன்னது.

"ஆத்தா இருக்கறாளோ இல்லியோ, அத நீங்களும் அவளும் பேசிக்கோங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க சொன்னது காதுல உழுந்தது எனக்கு. நான் இருக்கறேனில்ல?"

சத்தியமங்கலம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பண்ணாரிக்குப் போனோம். சத்தியமங்கலத்தில் பஸ் மாறினோம். ஜன்னலோரம் அவள்தான் உட்கார்ந்தாள். மலையைப் பார்த்ததும் என் தொடையில் தட்டி, "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றாள். ஆடி மாதம் பிறந்துவிட்டதால் நல்ல கூட்டம். ஒரு குரங்கு பூக்காரம்மாவின் தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே ஓடியது. அதற்கும் சிரித்தாள்.

முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "மொத மொட்டைங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "இந்த வயசுலயா?" என்றார். பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்கும் முதல் மொட்டை. அது வீறிட்டது. நான் வீறிடவில்லை. சவரக்கத்தி மண்டையில் குளிர்ச்சியாக ஓடியது. இவ்வளவு காற்று உலகத்தில் இருப்பது இதுவரை என் தலைக்குத் தெரியாது.

நாளை பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். என்ன சொல்வது? நடந்ததைச் சொல்ல வேண்டியதுதான். மனித மூளையை விளக்க அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. விளங்காத பகுதியையும் சேர்த்தே சொல்வேன்.

குளித்துவிட்டு வந்தேன். அவள் ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு சன்னதிக்கு எதிரே நின்றாள். இடது கையைத் தூக்கக் கூடாது, வலது கையில் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையில் சந்தனத்தை அள்ளினாள். அவள் என் தோள் உயரம்தான்.

"குனிங்க" என்றாள்.

குனிந்தேன்.

"இன்னும் குனிங்க, எட்டல."

நன்றாகக் குனிந்தேன். சந்தனம் சில்லென்று உச்சியில் பட்டது. உச்சியிலிருந்து பின்மண்டை வரை நிதானமாகத் தடவினாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் விரல்கள் நடுங்குவது தலையில் தெரிந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே நின்றேன். சுற்றிலும் நின்றவர்கள் நான் ஆத்தாளைக் கும்பிடுவதாக நினைத்திருப்பார்கள்.

நினைத்துக்கொள்ளட்டும்.